புள்ளிக்குப் பிறகு விடும் இடம்

தம்பி, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இந்த பஸ்ஸில் ஜன்னல் கண்ணாடி ஆடுகிற ஆட்டத்துக்கு நான் பேசுவதில் பாதி வெளியே போய்விடும். பையை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கம்ப்யூட்டர்தானே? நீங்கள் உட்காரும்போது கம்பியில் இடித்தது, அந்தச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. அதில் கறுப்புத் திரை உண்டா? படம் கிடம் ஒன்றும் இல்லாமல் எழுத்து மட்டும் வருமே, ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மினுக்கு மினுக்கென்று நிற்குமே, அது? உண்டா? சரி சரி, திறந்து காட்டவேண்டாம். இருக்கிறது என்று சொன்னதே போதும்.

நான் பயந்தாங்கொள்ளி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் ஆபீஸ் வாசலில் டைப்ரைட்டிங் மிஷினைப் போட்டுக்கொண்டு பத்திரம் அடித்தவன். அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம் அரிவாளோடு நின்றுகொண்டு, 'எம் பேரை முதல்ல அடியும்வே' என்று கத்துவார்கள். என் விரல் ஒரு எழுத்துக்கூடத் தடுமாறினதில்லை. அப்படிப்பட்டவன் ஒரு கோட்டைப் பார்த்து நடுங்கினேன் என்றால் தப்பு யார்மேல் என்று நீங்களே யோசியுங்கள். எனக்கு என்னோடு வேலை பார்த்த வடிவு மேல் ஒரு குறை உண்டு. தங்கமான பெண்தான். இருந்தாலும் குறை குறைதான். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. சங்குமுத்து மாஸ்டரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் மிஷின் துடைக்கப் போனேன். துடைத்துக்கொண்டே காதால் கேட்டுக் கற்றுக்கொண்டேன். எந்த எழுத்து விழுகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். இடம் விடுகிற நீளக்கட்டை இருக்கிறதே, அதற்குத் தனிச் சத்தம், தொம்மென்று வயிற்றிலிருந்து வரும். மாஸ்டர் ஒருநாள், 'ஏல ஆவுடை, இங்க வந்து உக்காரு' என்றார். உட்கார்ந்தவன்தான். காற்புள்ளிக்குப் பிறகு ஒரு இடம், முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடம். மறந்தால் ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்து விரல் மொளியில் ஒரு போடு. அது பிறகு என் விரலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. இங்கிலீஷ் பக்கம் பக்கமாக அடிப்பேன். அர்த்தம்? அது எனக்கெதற்கு? இருப்பதைப் பார்த்து இருக்கிறபடி அடிக்கிறவன் நான்.

பத்திரமெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. நானும் மிஷினைக் கோணிப்பையில் கட்டிவைத்துவிட்டேன். அப்போதுதான் கோமதிநாயகம் சார் கூப்பிட்டுவிட்டார். தென்காசிக்கு இந்தப் பக்கம், ஏதோ அறக்கட்டளை நடத்துகிற சின்ன அச்சகம், அதைப் பார்த்துக்கொள்பவர் அவர். கண் தெரியாத பிள்ளைகளுக்குப் புத்தகம் போடுகிற இடம். தடித்த தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தி வரும், பிள்ளைகள் விரலால் தடவிப் படிக்கும். நான் அச்சுப் புத்தகத்தைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் அடிக்கவேண்டும். புள்ளி குத்துவதற்கு ஒரு மிஷின் இருக்கிறது, ஓடினால் தகரக் கொட்டகையில் ஆலங்கட்டி மழை விழுகிற சத்தம். குத்தி வந்ததை விரலால் படித்துப் பிழை பார்ப்பது வடிவு. சுடலைவடிவு என்பது முழுப்பெயர். முப்பது வயது இருக்கும். பிறவியிலேயே பார்வை கிடையாது.

பாவம். தினமும் சாயங்காலம் நான்தான் கையைப் பிடித்து ரோட்டைக் கடத்திவிடுவேன். நான் டீயைக் குடித்து, கடைக்காரனிடம் நாலு வார்த்தை பேசி முடிக்கிறவரைக்கும் வாசலிலேயே நிற்பாள். ஒருநாள் எனக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. மறுநாள் பதறிப்போய், 'எப்படித் தாயி ரோட்டைக் கடந்த?' என்று கேட்டேன். 'எப்படியோ கடந்துட்டேன் அண்ணாச்சி' என்றாள். அந்த 'எப்படியோ' என் மனதை என்னமோ செய்துவிட்டது. அதற்குப் பிறகு நான் லீவே போட்டதில்லை.

முதலில் எனக்குக் கொடுத்திருந்த கம்ப்யூட்டர் மரியாதை தெரிந்தது. எதையாவது அழிக்கப் போனால், 'நிச்சயமாக அழிக்கட்டுமா?' என்று கட்டம் போட்டுக் கேட்கும். அழித்த பிறகும் ஒரு குப்பைத்தொட்டியில் போட்டு வைத்திருக்கும், தப்பென்றால் எடுத்துக்கொள்ளலாம். அதோடு நிம்மதியாகப் பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியம் அறிவியல் புத்தகத்தை அடித்துக்கொண்டிருந்தேன். ஐப்பசியில் ஒரு இடி விழுந்தது பாருங்கள். கம்ப்யூட்டருக்குள்ளிருந்து வற்றல் கருகின வாடை. போனது போனதுதான்.

கோமதிநாயகம் சார் கையைப் பிசைந்தார். 'புதுசு வாங்கணும்னா அறக்கட்டளைக் கூட்டம் கூடணும். பிள்ளைகளுக்குப் பரீட்சைக்கு முன்னால புத்தகம் போய்ச் சேரணும். வடிவு அறையில ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்குலா, நீரும் அதுலேயே அடியும்வே' என்றார்.

அதுவரைக்கும் அவள் அறைக்குள் நான் போனதில்லை. போனால் இருட்டு. டியூப் லைட் போடவில்லை. கம்ப்யூட்டர் திரையும் அணைந்து கிடக்கிறது. அந்த இருட்டில் உட்கார்ந்து அவள் மடமடவென்று அடித்துக்கொண்டிருக்கிறாள். அடிக்க அடிக்க ஒரு பெட்டியிலிருந்து ஒரு குரல் பேசுகிறது. ஆண்குரலா பெண்குரலா என்று பிரிக்க முடியவில்லை. நாம் மூச்சு விடுகிற இடத்தில் அது மூச்சே விடவில்லை, அவ்வளவு வேகம். என் காது நல்ல காது தம்பி, எனக்கே ஒரு வார்த்தை பிடிபடவில்லை. அவள் அதைக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொள்கிறாள். எனக்குப் பின்கழுத்தில் மயிர் நட்டுக்கொண்டது.

'ஆருகூடத் தாயி பேசிக்கிட்டிருக்க?'

'மிஷின்தான் அண்ணாச்சி. நான் அடிக்கதையும் அது பதிலுக்குச் சொல்லுதையும் வாசிச்சுக் காட்டுது. படம், அம்புக்குறி, பொத்தான் எல்லாம் உங்களுக்கு. எழுத்துன்னா என் காதுக்கு வந்துரும். உக்காருங்க, உங்களுக்குத் திரையைப் போட்டு விடுதேன்.'

போட்டாள். ஒன்றுமே இல்லை. கறுப்பு. மேல் ஓரத்தில் அந்தக் கோடு. சார்பதிவாளர் ஒருவர் இருந்தார், பத்திரத்தைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே நம் மூஞ்சியைப் பார்ப்பார். நாம் ஏதாவது உளறுகிறவரைக்கும் தட்டுவார். அந்தக் கோடும் அப்படித்தான் தட்டிக்கொண்டு நின்றது.

'என்ன கேக்குது இது?'

'ஒண்ணும் கேக்காது. நீங்கதான் சொல்லணும்.'

சொல்லவேண்டியதையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தாள். எங்கே நிற்கிறோம் என்று தெரிய பி, டபிள்யூ, டி. நான் ரோடு போடுகிற ஆபீஸ் என்று நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. 'ரோடு இல்ல அண்ணாச்சி, விலாசம். உங்களுக்குன்னு இதுக்குள்ள ஒரு வீடு கட்டி வச்சிருக்கேன். அடிச்சுப் பாருங்க.' அடித்தேன். வீடு, சாய்கோடு, ஆவுடை, சாய்கோடு, புத்தகம் என்று இங்கிலீஷில் வந்தது. என் பெயர். சொந்தமாக ஒரு ஓலைக்குடிசைக்குக்கூடப் பட்டா இல்லாதவன் நான். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. வீட்டுக்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்க்க எல், எஸ். அடித்ததும் முதல் பாடம், இரண்டாம் பாடம் என்று நான் அதுவரை அடித்துவைத்த பாடமெல்லாம் வரிசையாக வந்து நின்றன. எல்லாவற்றையும் அவள் இந்தக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்திருக்கிறாள், அதனால் இடியில் பிழைத்திருக்கிறது.

பிறகு கேட்டேன். 'அழிக்கணும்னா?'

'ஆர், எம். பொறவு பேரு.'

'நிச்சயமான்னு கேக்கும்லா?'

'கேக்காது.'

'குப்பைத்தொட்டி?'

'கெடையாது.'

'அப்போ தப்பா அழிச்சிட்டா?'

'போனது போனதுதான். இன்னொண்ணு சொல்லுதேன், நல்லா மனசுல வச்சுக்கிடுங்க. சொன்ன வேலை சரியா முடிஞ்சிட்டுன்னா இது வாயே திறக்காது. என்னமாவது பேசுச்சுன்னாத்தான் தப்பு.'

அன்றைக்கு மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை தம்பி. எங்கேயாவது உண்டா? வேலை முடிந்தால் முடிந்தது என்று சொல்லாத ஒருத்தனை எப்படி நம்புவது? அரிவாளோடு வந்தவன்கூட எதையாவது சொல்லிவிட்டுத்தான் ஓங்குவான்.

டிக்கெட் எடுத்துவிட்டீர்களா? கண்டக்டர் வருகிறார். ஆலங்குளத்தில் கூட்டம் ஏறும், அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

தினமும் பயந்துகொண்டேதான் போனேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். பாடம் அடிக்கும்போது குறையே சொல்லமாட்டாள். உத்தரவு அடிக்கும்போதுதான் வினை. அந்த மிஷினில் ஒவ்வொரு பெயருக்கு நடுவிலும் ஒரு புள்ளி வருகிறது. புள்ளி வந்தால் என் கட்டைவிரல் நிற்குமா? தொம், தொம்.

'நிப்பாட்டுங்க. புள்ளிக்குப் பொறவு இடம் விட்டுட்டிய. அதுவும் ரெண்டு தடவ.'

'விரல் தானாப் போகுது தாயி. சங்குமுத்து மாஸ்டர் பழக்கம்.'

'மாஸ்டர் காலமாயி எத்தன வருசமாச்சு?'

'மாஸ்டர்தான் போனாரு. ஸ்கேல் இன்னும் இருக்கு.'

'இங்க இடம் விட்டா ஒரு பேரு ரெண்டு பேரா ஆயிரும் அண்ணாச்சி. ரெண்டையும் தனித்தனியா எடுத்துக்கிடும்.'

அவள் இல்லாதபோது இடம் விட்டுவிட்டால் மிஷின் இங்கிலீஷில் ஒரு வரி சொல்லும். நெஞ்சு அடித்துக்கொள்ளும் எனக்கு. அதற்கு அர்த்தம் என்ன என்று அவளிடம் கேட்டேன். 'நீங்க சொன்ன பேர்ல இங்க ஒண்ணும் இல்லன்னு சொல்லுது' என்றாள். ஓகோ, அவ்வளவுதானா என்று ஆகிவிட்டது. அப்படி ஒன்று இல்லை, அதனால் ஒன்றும் செய்யவில்லை. போகப் போக அந்த வரியைப் பார்த்தாலே எனக்கு உயிர் வந்ததுபோல் இருக்கும். அந்த இருட்டில் என்னிடம் வாய் திறந்து பேசுகிற ஒரே வரி அதுதானே.

நட்சத்திரம் ஒன்றும் சொல்லிக்கொடுத்தாள். ஷிஃப்டை அழுத்தி எட்டைத் தட்டினால் வரும். ஒரு பெயரை எழுதி, புள்ளி வைத்து, ஒட்டினாற்போல் நட்சத்திரம் போட்டால், அந்தப் பெயரில் தொடங்குகிற எல்லாம் என்று அர்த்தமாம்.

'நட்சத்திரத்தை மட்டும் தனியாப் போட்டா?' என்று கேட்டேன்.

'வீட்டுல உள்ளது அம்புட்டும். தனியாப் போடாதிய அண்ணாச்சி' என்றாள்.

பொங்கல் கழிந்தது. புத்தகம் முடிந்தது. நான் அடித்த ஒவ்வொரு பாடத்தையும் அவள் ஒரு தடவை புள்ளி குத்தி விரலால் படித்துத் திருத்தியிருந்தாள். விரல் நுனி சிவந்து கிடக்கும். 'எதுக்குத் தாயி இம்புட்டுப் பாடுபடுத?' என்றேன் ஒருநாள். 'நான் பத்தாவது படிக்கையில அறிவியலுக்குப் புத்தகம் கெடையாது. பக்கத்துல இருக்க பிள்ளை வாசிக்கும், நான் கேப்பேன். அதுக்கு அலுப்பா இருந்தா வாசிக்காது. நானும் கெஞ்சிக்கிட்டு நிப்பேன்' என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள்.

கடைசியில் ஒரே நாள் பாக்கி, மறுநாள் காலையில் பிள்ளைகளுடைய விடுதி வேன் வந்து புத்தகத்தை ஏற்றவேண்டும். அன்றைக்கென்று பார்த்து அவளுக்கு அடையாள அட்டை புதுப்பிக்கத் திருநெல்வேலிக்குப் போகவேண்டி வந்தது. நானும் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

'அண்ணாச்சி, புத்தகத்துக்குள்ள சோதனைக்குப் போட்ட பக்கம் கொஞ்சம் கெடக்கு. எல்லாம் டெஸ்ட்டுன்னு ஆரம்பிக்கும். அப்படியே மிஷினுக்கு அனுப்பினா அதுவும் சேந்து குத்தி வந்துரும். அத மட்டும் அழிச்சிட்டு மத்ததை அனுப்பிருங்க. நான் திரும்பி வாரதுக்குள்ள பாதி குத்தியிருக்கும்.'

தனியாக உட்கார்ந்தேன். டியூப் லைட் போட்டேன். வீட்டைப் பார்த்தேன், பாடங்கள் வரிசையாக இருந்தன, கடைசியில் அந்த டெஸ்ட்டுகள். வேர்வையைத் துடைத்துக்கொண்டேன். ஆர். எம். இடம். டெஸ்ட். புள்ளி. பிறகு நட்சத்திரம். எண்டரைத் தட்டினேன்.

அந்த வரி வந்தது. நீங்கள் சொன்ன பெயரில் இங்கே ஒன்றும் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. புள்ளிக்குப் பிறகு விரல் விளையாடியிருக்கிறது, அதனால் ஒன்றும் நடக்கவில்லை, இன்னொரு தடவை பார்த்து அடித்தால் போகிறது. நெஞ்சு படபடப்பு அடங்கட்டும் என்று வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். கடைக்காரனோடு சிரித்துக்கூடப் பேசினேன். அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

வந்து உட்கார்ந்து, இந்தத் தடவை ஒரு விரலால் எண்ணெயைச் சொட்டுகிற மாதிரிச் சொட்டுச் சொட்டாக அடித்தேன். புள்ளி, ஒட்டினாற்போல் நட்சத்திரம். எண்டர். மறுபடியும் அதே வரி. இல்லை.

எப்படி இல்லாமல் போகும்? இப்போதுதானே பார்த்தேன்? எல், எஸ் அடித்தேன். ஒன்றும் வரவில்லை. கோடு மட்டும் கீழே இறங்கி நின்று தட்டுகிறது. இன்னொரு தடவை அடித்தேன். கோடு இன்னொரு வரி இறங்கியது. முதல் பாடம் இல்லை. கடைசிப் பாடம் இல்லை. நான் வேறெங்கோ நிற்கிறேன், வேறு யார் வீட்டிலோ நிற்கிறேன் என்று விலாசம் கேட்டேன். ஆவுடை, புத்தகம் என்று சொன்னது. என் வீடுதான். வழித்துப் போட்டிருந்தது.

அப்போதுதான் தம்பி எனக்கு உறைத்தது. ஒரு பெயர் இரண்டு பெயராகிவிட்டது. முதல் பெயர் இல்லை என்று வாய் திறந்து சொல்லிவிட்டு, இரண்டாவதை வாயே திறக்காமல் முடித்திருக்கிறது. நட்சத்திரம் தனியாக நின்றிருக்கிறது.

மேலே ஃபேன் ஓடுகிறது, எனக்கு முதுகெல்லாம் ஈரம். நீங்களே சொல்லுங்கள், அதில் என் தப்பு என்ன? விரல் மாஸ்டர் பழக்கினது. நட்சத்திரம் வடிவு காட்டினது. 'நிச்சயமா?' என்று ஒரு வார்த்தை கேட்காதது மிஷின். நடுவில் நான் என்ன செய்தேன்?

வாசலில் செருப்புச் சத்தம். கோமதிநாயகம் சார்.

'என்னவே ஆவுடை, மிஷின் சத்தத்தையே காணோம்?'

'சூடாயிருந்துது சார். கொஞ்சம் ஆறட்டும்னு விட்டுருக்கேன்.'

'காலையில வேன்காரன் வந்து நிப்பான். விடுதியில பிள்ளைக தினம் போன் போட்டுக் கேக்குதுக. பாத்துக்கிடும்.'

பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் போனார். புத்தகம் இல்லாமல் அந்தப் பிள்ளைகள் என்ன செய்யும்? வாசிக்கிறவளுக்கு அலுப்பாக இருந்தால் கெஞ்சிக்கொண்டு நிற்குமே. தூக்குவாளியையும் குடையையும் எடுத்துக்கொண்டு வாசல் கேட்டுவரைக்கும் போய்விட்டேன், உண்மையைச் சொல்கிறேன். அப்படியே ஊருக்குப் போய் இனிமேல் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்றுதான். ஆனால் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினால் ரோட்டைக் கடத்திவிட யார் இருக்கிறார்கள்? அதனால் திரும்பி வந்துவிட்டேன். நான் திரும்பி வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம். அந்த அறையிலேயே மூலையில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் தானாக வந்து நின்றாள். எப்படியோ கடந்திருக்கிறாள், பாவம்.

'என்ன அண்ணாச்சி, குத்துத சத்தத்தைக் காணோமே?'

'கரண்ட் போயிட்டு வந்துது தாயி. அதுல என்னமோ ஆயிட்டு.'

'கரண்டா போச்சு?' என்று கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். விசைப்பலகைமேல் கையை வைத்து ஒரு விசையைத் தட்டினாள். நான் கடைசியாக அடித்த வரி திரும்ப வந்தது. இன்னொரு தட்டு, அதற்கு முந்தினது வந்தது. இப்படி ஒரு வசதி இருக்கிறது என்று எனக்கு அவள் சொல்லவே இல்லை. தட்டத் தட்ட நான் அன்றைக்கு அடித்ததெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. பயந்து பயந்து திரும்பத் திரும்ப அடித்த எல், எஸ் எல்லாம் வந்தது. ஓரிடத்தில் நிறுத்தினாள். அந்த வரியை எழுத்து எழுத்தாக நகர்த்தினாள். அந்தக் குரல் இருக்கிறதே, இத்தனை நாள் எனக்கு ஒரு வார்த்தை பிடிபடாத குரல், அன்றைக்கு ஒவ்வொன்றாக நிறுத்திச் சொன்னது. டாட். ஸ்பேஸ். ஸ்பேஸ். ஸ்டார்.

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். 'எல்லாம் போச்சு தாயி. அம்புட்டுப் பாடமும் போச்சு. உன் விரலு தேஞ்சதெல்லாம் போச்சு.'

அவள் விசைப்பலகையை விட்டுக் கையை எடுத்தாள். பிறகு, 'போகல அண்ணாச்சி' என்றாள். 'உங்க வீட்டுல உள்ளதுதான் போச்சு. புத்தகம் என் வீட்டுல இருக்கு. நீங்க அடிக்கதை அன்னன்னைக்கு நான் அங்க எடுத்து வச்சிருவேன். திருத்துனா ரெண்டு வீட்டுலயும் திருத்திருவேன்.'

'அப்போ என் வீடு?'

'அது ஒத்திகைக்கு.'

தம்பி, நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அங்கேயே தரையில் உட்கார்ந்தேன், அது சந்தோஷத்தால்தானோ என்னமோ. ஆனால் உட்கார்ந்த பிறகு வந்தது பாருங்கள் கோபம். ஐப்பசியிலிருந்து தைவரைக்கும் சோறு இறங்காமல், பகலெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு எண்டருக்கும் குலதெய்வத்தைக் கூப்பிட்டேனே, அதெல்லாம் ஒரு ஒத்திகை வீட்டுக்கா?

'முதல்லயே சொல்லியிருக்கலாம்லா?'

'சொல்லியிருந்தா உங்களுக்குப் பயம் போயிருக்கும். பயம் போயிருந்தா இம்புட்டுக் கவனமா அடிச்சிருக்கமாட்டிய.'

'கவனமா அடிச்சும் அழிச்சிட்டேனே.'

'அதுக்குத்தான் ஒத்திகை.'

இதுதான் என் குறை. ஒரு பெரிய மனுசனை இத்தனை நாள் ஏமாற்றி வைப்பது நியாயமா? நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரிக்கவேண்டாம், இன்னும் முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் செய்ததுதான் கொடுமை.

'எந்திரிங்க அண்ணாச்சி. நாற்காலிக்கு வாங்க' என்றாள். என்னமோ அடித்தாள். விலாசத்தைக் கேட்டாள். வீடு, சாய்கோடு, வடிவு, சாய்கோடு, புத்தகம் என்று வந்தது. எல், எஸ். எல்லாப் பாடமும் அப்படியே இருந்தது, கடைசியில் அந்த டெஸ்ட்டுகளும். 'நீங்க நிக்கது இப்ப என் வீட்டுல. சோதனைப் பக்கம் இங்கயும் கெடக்கு. அழியுங்க. பொறவு மிஷினை ஓட்டலாம்.'

'நீயே அழிச்சிரு தாயி.'

'உங்ககிட்டல்லா சொல்லிட்டுப் போனேன்.'

'இதுக்கு நகல் இருக்கா?'

'கெடையாது. இது ஒண்ணுதான்.'

வடிவு பொய் சொல்லமாட்டாள், அது எனக்கு நன்றாகத் தெரியும். இது ஒன்றுதான் என்றால் ஒன்றுதான்.

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். சார் திட்டுவார் என்று சொல்லிப் பார்த்தேன். அவள் குரல் பெட்டியை அணைத்துவிட்டாள். பக்கத்தில் இன்னொரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, சுவர்ப்பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, 'அடியுங்க' என்றாள்.

அடித்தேன். ஆர். எம். இடம், தொம். டெஸ்ட். புள்ளி. கட்டைவிரல் எழும்பியது. சத்தியமாக நான் எழுப்பவில்லை. அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்து இறுக்கிக்கொண்டேன். நகம் பதிந்து வலித்தது. மற்றக் கையால் ஷிஃப்ட், எட்டு. நட்சத்திரம் வந்து நின்றது.

எண்டர் மட்டும் பாக்கி. கை போகவில்லை. திரையைப் பார்த்தால் கண்ணெல்லாம் தண்ணீர், எழுத்து கலங்குகிறது. புள்ளிக்கும் நட்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி தெரிகிற மாதிரி இருக்கிறது. துடைத்துவிட்டுப் பார்த்தால் இல்லாத மாதிரி இருக்கிறது. மறுபடி கலங்கினால் இருக்கிறது. கோடு தட்டிக்கொண்டே நிற்கிறது. அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்கலாம் என்றால் எந்த விசை எதை அழிக்குமோ என்று அதற்கும் பயம். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ.

'எனக்குச் சரியாத் தெரியல தாயி' என்றேன். 'நடுவுல இடம் விழுந்திருக்கான்னு ஒரு தடவ நீ பாரு.' யாரிடம் என்ன சொல்கிறேன் என்ற நினைப்புக்கூட இல்லை.

அவள் திரும்பவில்லை. 'கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன் அண்ணாச்சி, தொம்முன்னு ஒரு தடவதான் விழுந்துது' என்றாள். சொல்லிக்கொண்டே, சுவரைப் பார்த்திருந்த முகம் சுவரைப் பார்த்திருந்தபடியே, கையை மட்டும் பின்னால் நீட்டி என் முழங்கையைத் தாண்டிக் கொண்டுவந்து, எண்டரை அழுத்திவிட்டாள்.